மருத்துவமனை அருகில், வேலை தொலைவில்: இ.எஸ்.ஐ. காப்பீடு நோயுற்ற தொழிலாளரின் வேலையைக் காக்கிறதா?

புதுச்சேரி நகரின் வடமேற்கே, கோரிமேட்டுக்கு அருகில் அமைந்திருப்பது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை. கோவை மாவட்டத்தில் நீலகிரி அடிவாரத்தில் உள்ள அதே பெயருடைய ஊரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மருத்துவ வசதியைப் பொறுத்தவரை இப்பேட்டையின் தொழிலாளர்கள் வாய்ப்புப் பெற்றவர்கள். ஜிப்மர், இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஆகிய மூன்றும் கோரிமேட்டிலேயே உள்ளன. ஆயினும் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எங்களிடம் வருபவர்களுள் பலர் மருத்துவம் கிடைக்கவில்லை என்று வருவதில்லை. மருத்துவம் முடிந்து தகுதிச் சான்றோடு திரும்பியபோது வாயிற்கதவு திறக்கவில்லை என்றே வருகிறார்கள்.

நோயுற்றவரின் உடலைக் காப்பது ஒன்று. அவருடைய வேலையைக் காப்பது மற்றொன்று. நமது காப்பீட்டுச் சட்டம் முதலாவதைப் பெருமளவு செய்கிறது, இரண்டாவதைப் பாதியிலேயே விட்டுவிடுகிறது. இந்த இடைவெளி எங்கே இருக்கிறது, அதை அடைக்கும் வழி நமது சட்டங்களுக்குள்ளேயே எவ்வாறு கிடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் தோற்றம்

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவருடைய பொறுப்புக் காலத்தில்தான், 1943 மார்ச்சில், ஆலைத் தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1948இல் ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததையடுத்து, இச்சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020இன் பகுதியாகிவிட்டது. மாறுதல் காலத்தில் பழைய சட்டங்களின் விதிகளும் ஒழுங்குமுறைகளும் தொடரும் என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. இக்கட்டுரையில் வரும் பிரிவு எண்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. தீர்ப்புகளும் வாதங்களும் அவற்றைச் சுற்றியே வளர்ந்துள்ளன.

இ.எஸ்.ஐ. எதைத் தருகிறது?

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுபவர்கள் இத்திட்டத்துக்குள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வரம்பு 25,000 ரூபாய். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. மாதம் 15,000 ரூபாய் பெறுபவரின் ஊதியத்திலிருந்து 112 ரூபாய் 50 காசு பிடிக்கப்பட்டால், நிறுவனம் 487 ரூபாய் 50 காசு செலுத்தவேண்டும்.

இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. அத்தோடு, நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்குச் சராசரி நாட்கூலியில் 70 விழுக்காடு வீதம், அடுத்தடுத்த இரண்டு பயன்காலங்களில் 91 நாள் வரை, நோய்க்கால உதவித்தொகை உண்டு. நாட்கூலி 500 ரூபாய் எனில் நாளொன்றுக்கு 350 ரூபாய். 91 நாளுக்கு 31,850 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நெடுங்கால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை நீட்டிப்பு உண்டு. பணியிடத்தில் காயமுற்றால், தற்காலிக இயலாமைக்கு 90 விழுக்காடு.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கும் இ.எஸ்.ஐ.க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. முன்னது மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் செலுத்துகிறது. பின்னது இழந்த கூலியையும் ஈடுசெய்ய முனைகிறது. ஆகவே இ.எஸ்.ஐ.யைக் கைவிடுவதற்கன்று, முழுமையாக்குவதற்கே நாங்கள் வாதிடுகிறோம். அதன் வழியில் மூன்று தடைகள் நிற்கின்றன.

முதல் தடை: நாள்கணக்கு

நோய்க்கால உதவித்தொகை பெற, உரிய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்கவேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பங்களிப்புக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. முதன்முறையாக வேலையில் சேர்பவருக்கு 9 மாதம் கழிந்த பின்னரே பயன்காலம் தொடங்குகிறது. அதற்குமுன் மருத்துவம் உண்டு, கூலி ஈடு இல்லை. நீட்டிக்கப்பட்ட பயனுக்கோ இரண்டாண்டுத் தொடர்வேலையும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் தேவை.

நிரந்தரத் தொழிலாளிக்கு இக்கணக்கு எளிது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதுவே பொறி. ஒப்பந்தக்காரர் மாறுகிறார், பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு மற்றொன்றில் சில வாரம் கழித்து ஏறுகிறது, 26 நாள் உழைத்தவருக்கு 12 நாள் கணக்குக் காட்டப்படுகிறது. ஆள் அதே வாயில் வழியாக அதே இயந்திரத்துக்குத்தான் செல்கிறார். காகிதத்தில் மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் புதியவர். காசநோய் கண்டறியப்படும் நாளில் அவருக்கு நினைவிருப்பது ஐந்தாண்டு உழைப்பு. கணக்கில் இருப்பதோ நான்கு மாதம்.

இந்த ஒப்பந்த வரிசையில் நிற்பவர்கள் யார்? 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 16 விழுக்காடு. தொழிற்பேட்டையின் துப்புரவு, சுமையேற்றம், கழிவகற்றல், தூசும் வேதிப்புகையும் மிகுந்த பணிகள் ஆகியவற்றில் எங்கள் மக்களே நிறைந்திருப்பதை, எங்களை நாடி வரும் தொழிலாளர்களின் பணிகளிலிருந்து அறிகிறோம். நோய் மிகுதியாக வரக்கூடிய வேலையும், நோய்க்கான உரிமை மிகக் குறைவாகச் சேரும் வேலையும் ஒன்றாகவே இருக்கின்றன. இதைத் தற்செயல் என்று கொள்ள எங்களால் இயலவில்லை.

இரண்டாம் தடை: பாதி நலத்துக்கு இடமில்லை

சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, ஒருவர் வேலை செய்யும் எந்நாளுக்கும் நோய்க்கால உதவித்தொகை கிடையாது. மோசடியைத் தடுக்க எழுதப்பட்ட விதி இது. இதன் விளைவாகத் தொழிலாளி ஒன்று முற்றிலும் தகுதியற்றவர், அல்லது முற்றிலும் தகுதியுள்ளவர். இடைப்பட்ட நிலையைச் சட்டம் அறியாது.

உடலோ அவ்வாறு தேறுவதில்லை. வேதிச்சிகிச்சை முடித்தவர் நான்கு மணி நேரம் அமர்ந்து வேலை செய்யக்கூடும். எட்டு மணி நேரம் மூட்டை தூக்க இயலாது. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் எஞ்சிய நாள்களில் உழைக்க விரும்புவார். இவர்களுக்குச் சட்டம் இரண்டு வழிகளையே தருகிறது: உதவித்தொகை தீரும்வரை வீட்டில் இருப்பது, அல்லது முழு வேலைக்குத் திரும்பி மீண்டும் விழுவது.

நாட்கூலி 500 ரூபாய் பெறும் தொழிலாளி அரைநாள் வேலைக்குத் திரும்புவதாகக் கொள்வோம். நிறுவனம் 250 ரூபாய் தருகிறது. காப்பீட்டுக் கழகம் உதவித்தொகையில் பாதியாகிய 175 ரூபாய் தருகிறது. தொழிலாளிக்கு 425 ரூபாய் கிடைக்கும். கழகத்துக்கு 350 ரூபாய்ச் செலவு 175ஆகக் குறையும். நிறுவனத்துக்குப் பழகிய கை திரும்பக் கிடைக்கும். மூவருக்கும் பயனுள்ள இவ்வேற்பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2018இல் தொடங்கிய அடல் திட்டத்தின் வழியே, வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை 50 விழுக்காடு உதவி தரும் கழகம், வேலை இழக்காமலிருக்க எதுவும் தருவதில்லை.

மூன்றாம் தடை: "அவராகவே நின்றுவிட்டார்"

நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, பதவி குறைக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்கிறது 73ஆம் பிரிவு. அக்காலத்தில் தரப்படும் நீக்க அறிவிப்புச் செல்லாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 4,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1950ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குமுறைகளின் 98ஆம் விதி இப்பாதுகாப்புக்கு எல்லை வகுக்கிறது: பொதுவான நோய்களுக்குத் தொடர்ந்து ஆறு மாதம், காசநோய், தொழுநோய், மனநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு 18 மாதம்.

இப்பாதுகாப்பின் முதுகெலும்பு சென்னையில் எழுந்த ஒரு வழக்கிலேயே முறிந்தது. பெரம்பூர் பி அண்டு சி ஆலையின் தொழிலாளி ஒருவர் 1957இல் விடுப்பில் சென்று நோயுற்றார். இ.எஸ்.ஐ. அவருடைய மருத்துவச் சான்றை ஏற்றுப் பணமும் கொடுத்தது. ஆலையோ, அனுமதியின்றி எட்டு நாள் வராதவர் வேலையைத் தாமே விட்டவராவார் என்னும் நிலையாணையைக் காட்டி அவரை ஏற்க மறுத்தது. பக்கிங்காம் அண்டு கர்நாட்டிக் கம்பெனி எதிர் வெங்கடையா என்னும் அவ்வழக்கில், 1963 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், அத்தகைய நிலையாணையின்படி வேலை முடிவுறுவதை 73ஆம் பிரிவு தடுக்காது என்று தீர்ப்பளித்தது.

முப்பதாண்டு கழித்து, டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (1993) நீதிபதி கே. ராமசாமி எழுதிய தீர்ப்பு இதற்கு ஓரளவு மருந்திட்டது. நிலையாணை இருந்தாலும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் அவர் பெயரை நீக்குவது அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரண் என்றது. தொழிலாளி மீண்டும் வேலையில் அமர்த்தப்பட்டு, பின்னூதியத்தில் பாதியும் பெற்றார். விசாரணையின்றி "தானாக நின்றுவிட்டார்" என்று எழுதும் நிறுவனத்துக்கு எதிராக இன்றும் நமது முதன்மைக் கருவி இத்தீர்ப்பே.

ஆனால் இரண்டு கதவுகள் இன்னும் திறந்துள்ளன. தொடர் நோயின் காரணமான வேலைநீக்கம் ஆட்குறைப்பு ஆகாது என்று 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் விலக்களித்தது. எனவே ஆட்குறைப்பு இழப்பீடும் மறுக்கப்பட்டது. 1984 முதல், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதும் அவ்வாறே விலக்கப்பட்டது. நோயாளியை எவரும் நீக்கவேண்டியதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருந்தாலே போதும். அபராதமும் இல்லை, விசாரணையும் இல்லை.

முன்மாதிரி நம் சட்டத்திலேயே உண்டு

இவ்விடைவெளியை அடைக்க நாம் வெறுங்கையிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் பார்வைக் குறைபாட்டுக்காக ஓட்டுநர்களை நீக்கிய ஆனந்த் பிஹாரி வழக்கில் (1991), நீக்கம் சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது என்ற உச்ச நீதிமன்றம், அதே வேளையில் அது நியாயமற்றது என்றும் கூறியது. மாற்றுப் பணி தரவேண்டும், இயலாவிடில் பணியாண்டுகளுக்கு ஏற்பக் கூடுதல் ஈடு தரவேண்டும் என்று ஆணையிட்டது.

எச்.ஐ.வி. தொற்றுடைய தற்காலிகத் தொழிலாளி ஒருவரைப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று விலக்கிய வழக்கில், 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வேலை செய்யும் திறனுள்ளவரை நோய்ப்பெயரால் மட்டும் விலக்கலாகாது என்றது. அத்தீர்ப்பின் அதே நெறியில் அமைந்தது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, தொற்றுடையவரை வேலையிலிருந்து விலக்க விரும்பும் நிறுவனம், அவர் பணிக்குத் தகுதியற்றவர் அல்லது பிறருக்குக் குறிப்பிடத்தக்க தொற்று அபாயமுள்ளவர் என்று தகுதிவாய்ந்த சார்பற்ற மருத்துவர் எழுத்தில் தந்த மதிப்பீட்டைக் காட்டவேண்டும். நியாயமான பணி மாற்றம் செய்து தரவியலாத நிதி அல்லது நிர்வாக இடர் என்ன என்பதையும் எழுத்தில் கூறவேண்டும்.

காசநோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கும் இதே இரண்டு காகிதங்களைக் கோரும் உரிமை ஏன் இருக்கக்கூடாது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை அடைந்தவரை நீக்கக்கூடாது என்கிறது. ஆனால் அக்கட்டளை அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. மேட்டுப்பாளையம் பேட்டையின் தனியார் கூடங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்சில், தன் பணிக்குத் தகுதியற்றவர் என்று பணியிட மருத்துவர் கூறிய தொழிலாளிக்கு, வேறு பணி தேடித்தர முயன்ற பின்னரே நிறுவனம் அவரை நீக்க முடியும். அரைநேர வேலையும் அரை உதவித்தொகையும் அங்கு வழக்கத்தில் உள்ளன. ஜெர்மனியில் ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயுற்றவரோடு, அவர் வேலைக்குத் திரும்பும் வழியைப் பற்றிப் பேச நிறுவனம் முன்வந்தாக வேண்டும். நோயால் தற்காலிகமாக வராமலிருப்பது நீக்கத்துக்குக் காரணமாகாது என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கையை (1982) இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

இலகுவான பணி யாருக்கு?

பணி மாற்றம் என்று கோரும்போது சாதியை மறந்துவிடலாகாது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு மூடப்பட்டிருந்ததை 1920களின் இறுதியில் அம்பேத்கர் வெளிக்கொணர்ந்தார். அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்கவேண்டியிருந்ததே அதற்குக் காட்டப்பட்ட காரணம். கூலி மிகுந்த பிரிவு சாதி இந்துக்களுக்கு, எஞ்சியவை நமக்கு என்று ஆலைக்குள்ளேயே கோடு போடப்பட்டது.

இன்று எச்சில் பேச்சு இல்லை. ஆனால் கிடங்குக் கணக்கு, பொதி சரிபார்ப்பு, பதிவேடு எழுதுதல் ஆகிய அமர்ந்து செய்யும் வேலைகளில் யார் இருக்கிறார்கள், சுமை தூக்குவதிலும் சாக்கடை கழுவுவதிலும் யார் இருக்கிறார்கள் என்பதை எந்தத் தொழிற்கூடத்திலும் எண்ணிப் பார்க்கலாம். முதுகெலும்பு பாதித்த தலித் சுமைத் தொழிலாளிக்கு "இலகுவான பணி இல்லை" என்று நிர்வாகம் கூறும்போது, அப்பணி உண்மையிலேயே இல்லையா, அல்லது அவருக்கு இல்லையா என்று கேட்கவேண்டியிருக்கிறது. எனவே பணி மாற்றம் மேலாளரின் கருணையாக இருக்கக்கூடாது. மறுப்பு எழுத்தில் தரப்பட்டு, மேல்முறையீட்டுக்கு உட்பட்டிருக்கவேண்டும்.

ஊர்க் கூலியிலிருந்தும் சாதித் தொழிலிலிருந்தும் வெளியேறிய முதல் தலைமுறைக்கு ஆலை வேலை வெறும் ஊதியமன்று. அதை நோயால் இழப்பவர் திரும்பிச் செல்லும் இடம், அவருடைய பெற்றோர் விட்டு வந்த அதே களம், அதே கடன்.

நாங்கள் முன்வைக்கும் திருத்தங்கள்

புதிய தொகுப்பின் விதிகள் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் இக்காலமே திருத்தங்களைக் கோர உகந்த காலம்.

1. 73ஆம் பிரிவின் பாதுகாப்பு, நிலையாணைவழி நீக்கத்தையும், நோயின் காரணமாக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததையும் உள்ளடக்குவதாகத் தெளிவான சொற்களில் எழுதப்படவேண்டும்.

2. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் இரட்டைச் சான்று முறை எல்லா நோய்களுக்கும் விரிவாக்கப்படவேண்டும்.

3. படிப்படியாக வேலைக்குத் திரும்புவோருக்குப் பகுதி உதவித்தொகை வழங்கப்படவேண்டும்.

4. நீட்டிக்கப்பட்ட பயனுக்கான இரண்டாண்டுத் தொடர்வேலை நிபந்தனை, ஒரே பணியிடத்தில் பல ஒப்பந்தக்காரர்களின் கீழ் உழைத்த காலத்தையும் தொடர்ச்சியாகக் கணக்கிட வேண்டும்.

5. 4,000 ரூபாய் அபராதம், நீக்கப்பட்ட தொழிலாளியின் முழுப் பின்னூதியத்துக்குக் குறையாததாக மாற்றப்படவேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும்வரை, களத்தில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் தொழிலாளரிடம் கொண்டுசெல்லவேண்டிய செய்திகள் சில உண்டு.

காப்பீட்டு எண் வாழ்நாள் முழுமைக்கும் ஒன்றே. ஒப்பந்தக்காரர் மாறும்போது புதிய எண் பெறாமல் பழைய எண்ணையே கொடுக்கவேண்டும். அப்போதுதான் 78 நாள் கணக்கு ஒன்றுசேரும். பங்களிப்பு நாள்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, குறைவிருப்பின் நோய் வருமுன்பே புகார் அளிக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் செலுத்தவில்லையெனில் முதன்மை நிறுவனமே செலுத்தப் பொறுப்பு என்பது 40ஆம் பிரிவு. பணியிட விபத்துக்கு 78 நாள் நிபந்தனை இல்லை; முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு.

நோயுற்ற முதல் நாளிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றைப் பெறவேண்டும். அதன் நகலை நிறுவனத்துக்கும் ஒப்பந்தக்காருக்கும் பதிவு வசதியுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பாதுகாக்கவேண்டும். "தானாக நின்றுவிட்டார்" என்னும் வாதத்தை உடைப்பதற்கு அந்த ஒப்புகையைவிட வலுவான சான்று வேறில்லை. தகுதிச் சான்றோடு திரும்பும் நாளில் வாயிலில் தடுத்தால், அன்றே எழுத்தில் வேலை கோரி, தொழிலாளர் அதிகாரிக்கும் நகல் அனுப்பவேண்டும். வெற்றுத் தாளிலோ விலகல் கடிதத்திலோ கையொப்பமிடலாகாது. கணக்குத் தீர்க்கும் பேச்சுக்குத் தனியாகச் செல்லலாகாது.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலை அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. நாள் முழுதும் உழைக்கும் உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை இம்மண்ணின் தொழிலாளர் அன்று நிலைநாட்டினர். நோயுற்ற உடலுக்கு அவகாசமும், அவகாசம் முடிந்தபின் திரும்புவதற்கு ஒரு வேலையும் வேண்டும் என்பது அதன் அடுத்த படி. மேட்டுப்பாளையம் பேட்டையில் இக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்களின் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ப்பதிலிருந்து நாம் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.